பத்து லட்சத்து ஒன்று

எழுபதுகளில் ஒரு நாள், பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பசறையைத் தாண்டியதும் அவள் திடீரென்று கத்தினாள்.

“என்னங்க, பத்து லட்சத்து ஒண்ணு ஒடஞ்சிருச்சு!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“மெதுவா பேசு. அது எதாலயும் வகுபடாது. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவே நான் வகுத்துப் பாத்து அலுத்துப்போயிட்டேன்.”

“நூத்தி ஒண்ணால வகுத்தீங்களா?”

“இல்ல, அவ்வளவு தூரம் போகல.”

“ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ண நூறால பெருக்குங்க.”

“ஒம்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்து நூறு.”

“அதோட அந்த ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ண இன்னொரு தடவை கூட்டுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினார். பிறகு அவளைவிடச் சத்தமாகக் கத்தினார்.

“பத்து லட்சத்து ஒண்ணு! சரியா வருதுடீ!”

“கணக்குல ரெண்டு தடவை பெயிலானவ ஒடச்சிருக்கேன். இந்த வருசம் மறுபடியும் பரீட்சை எழுதப் போறேன். நான் படிக்கிறப்ப புள்ளைய யாரு பாத்துக்கிறது?”

அவர் தூங்கும் குழந்தையை அவள் மடியிலிருந்து மெல்ல எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.