அம்மனின் நெற்றிப் பொட்டு

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, ஆறிவிடும். இந்த ஆண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் திருவிழா ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. கோயில் கமிட்டித் தலைவர் என்ற முறையில் எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

தோட்டத் தொழிலாளி பொன்னையா தன் லயத்து வீட்டுக்குப் பின்னால் கரட் விதை போட மண்ணைக் கொத்தும்போதுதான் அந்தக் காசு கிடைத்தது. தங்கம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் இலைக்கிரீடம் வைத்த ஆண் தலை. அவர் மகள் ஜெயந்தினி அதைப் படம் பிடித்துத் தன் கெம்பஸ் ஆசிரியருக்கு அனுப்பினாள். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய ரோமச் சக்கரவர்த்தியின் காசு என்று பதில் வந்தது.

தொல்பொருள் அதிகாரிகள் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று பொன்னையா அதை என்னிடம்தான் கொடுத்தார்.

"கண்டெடுத்தது பொன்னையான்னு மியூசியத்துல எழுதி வைப்பாங்களாம் தலைவரே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளந்தியான மனிதர்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் மண்ணில் கிடைத்த பொன் கொழும்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து யாருக்கு என்ன பிரயோசனம்? அம்மன் நெற்றியோ வெறுமையாக இருந்தது. தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். நகைக்கடை பக்கீர் நானா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய சாமான் மாதிரி தெரியுதே அழகுமுத்துத் தலைவரே. உருக்கத்தான் வேணுமா?"

"எங்க தாத்தாவோடதுதான். உருக்கி அம்மனுக்குப் பொட்டா அடிங்க நானா."

அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், பாவம். சக்கரவர்த்தி உருக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதிகாரிகள் வந்தபோது பொன்னையா என்னைக் கைகாட்டினார். "என்கிட்டயா? எப்பண்ணே குடுத்தீங்க?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவே இல்லை. புதையலை விற்றுவிட்டார் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதமாக ரிமாண்டில் இருக்கிறார். ஜெயந்தினி படிப்பை விட்டுவிட்டுத் தாயோடு கொழுந்து பறிக்கப் போகிறாள். எனக்கும் மனசு கஷ்டம்தான். திருவிழாவன்று அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினேன். ஏனோ தொடவே இல்லையாம்.

தீபம் காட்டும்போது அந்தப் பொட்டு தகதகவென்று மின்னுவதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். எனக்கென்று குன்றிமணி அளவுகூட எடுக்கவில்லை. பொட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்பக்கம் 'உபயம்: அழகுமுத்து' என்று பொடி எழுத்தில் இருக்கும். யாராவது ஒருவர் பெயரைப் போடத்தானே வேண்டும்? பொன்னையாவின் பெயரைப் போட்டிருந்தால் அவருக்கல்லவா வம்பு வந்திருக்கும்.