மூச்சுக் கிணற்றின் முடிவு சரியில்லை

'மூச்சுக் கிணறு' தொடரின் முதல் பாதியை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். இப்போது டிவியில் வருகிற நம் கொரிய அரண்மனைத் தொடர்களில் வேலைக்காரி கூட நேற்றுக் கடையில் எடுத்த துணியை மாட்டிக்கொண்டு நிற்பாள். இதில் மருந்து அரைக்கிற பெண்களின் பாவாடை ஓரத்தில் சேறு இருந்தது. மந்திரக் காட்சி என்று கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சமும் கிடையாது. குளிரில் வாயிலிருந்து வரும் ஆவிபோல, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவரவர் மூச்சு மெல்ல நிற்கும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் ஐயா. இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கும்.

சோவுல் என்று ஒரு பெண். ஜோசன் ராஜாக்கள் காலத்து அரண்மனையில் மருந்து அரைப்பவள். யாருக்கு எவ்வளவு மூச்சு மிச்சம் என்பது அவள் கண்ணுக்குத் தெரியும். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு ஊற்றவும் தெரியும். ஆனால் பறிக்க முடியாது. அவள் நீட்டும் கிண்ணத்தை அந்த ஆளே கேட்டு வாங்கி, தன் கையால் குடிக்க வேண்டும். குடித்தவரின் மூச்சு கொல்லைக் கிணற்றில் போய்ச் சேரும். அதை மொண்டுவந்து, சாகக் கிடக்கும் இளவரசனுக்குக் கொடுப்பாள். கண்டவர்களிடம் எடுக்க மாட்டாள். ஊரைச் சுரண்டிய மந்திரி, பிள்ளைகளை விற்ற தரகன் என்று மூச்சை வீணாக்குகிறவர்களிடம் மட்டுந்தான் எடுப்பாள். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தப்பு என்று சொன்னவர் ஜம்ரே அம்மா.

நான் மோக்போவில் ஒரு முதியோர் மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவள். பகலும் இரவும் அங்கேயேதான். கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துப் போடுகிற தாழ்ந்த பலகைதான் என் படுக்கை. என் அறையில் நான்கு கட்டில், ஒரே ஒரு டிவி. ஜன்னல் பக்கம் போக்சிம் அம்மா. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் காலமெல்லாம் வெந்தவர். பக்கவாதத்தில் பேச்சு போய், இடது கை மட்டும் மிஞ்சியது. கதவுப் பக்கம் கூ ஜம்ரே அம்மா. ஹேனம் பக்கத்து முட்டைக்கோஸ் விவசாயி. அவருக்கு எல்லாம் போனாலும் வாய் போகவில்லை. மற்ற இருவரில் ஒருவர் எந்நேரமும் தூக்கம், இன்னொருவர் சுவரைப் பார்த்தபடி யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார். ஆகவே டிவிக்குப் போட்டி எனக்கும் ஜம்ரே அம்மாவுக்கும்தான்.

தொடர் வருவது இரவில். எங்களுக்கோ சீக்கிரமே விளக்கணைத்துவிடுவார்கள். மறுநாள் மதியம் மறுபடி போடும்போதுதான் பார்க்க முடியும். ஆனால் ஜம்ரே அம்மாவின் மகன் இரவே பார்த்துவிட்டு, காலையில் போன் போட்டுக் கதை முழுவதையும் அம்மாவிடம் ஒப்பித்துவிடுவான். அவர் அதை ஒலிபெருக்கி வைத்ததுபோல் அறைக்கே சொல்லுவார்.

"ஏ ஆயாம்மா, இன்னைக்கு அந்தத் தரகன் போயிட்டான். உன் மருந்துக்காரி கிண்ணத்த நீட்டிட்டா."

"நான் இன்னும் பாக்கலம்மா."

"பாத்து என்ன கிழிக்கப் போற? கொலைகாரிக்கு நல்ல பாவாடை கட்டிவிட்டா கதாநாயகியா? பாட்டுப் போட்டிய வையி. நல்ல பையனுங்க, மூக்கும் முழியுமா நின்னு பாடுறானுங்க."

துணைக்கு இருப்பவள் நோயாளியுடன் மல்லுக்கு நிற்கக் கூடாது. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, போக்சிம் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அவரும் என்னைப்போலவே இந்தத் தொடர் என்றால் உயிரை விடுபவர். சோவுல் கிண்ணத்தை நீட்டும் காட்சி வந்தாலே இடது கையால் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டு, இமைக்காமல் பார்ப்பார். கதை நல்ல இடத்துக்கு வந்துவிட்டது என்று அவர் போர்வையைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும் ஐயா. அந்த அறைக்கு வந்த பிறகுதான் என் பேச்சைக் குறுக்கே வெட்டாமல் ஒருவர் கேட்டார்.

பனி இறங்கத் தொடங்கியபோது அவருக்குச் சளி கட்டியது. டாக்டர் அவருடைய மகளை நடைவழியில் நிறுத்தி, இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்றார். நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். அதே வாரம் ஜம்ரே அம்மாவுக்கு நல்ல செய்தி. மூக்குக் குழாய் வழியாகத்தான் அவருக்குச் சாப்பாடு. தொண்டைத் தசை செத்துக் கிடந்தது. தண்ணீர் கொடுத்தால்கூட நுரையீரலுக்குப் போய்விடும். "வாய்வழியாக எதுவும் தரக் கூடாது" என்று தலைமாட்டில் பலகை தொங்கியது. இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறார், செவ்வாய்க்கிழமை விழுங்கும் சோதனை செய்யலாம், தேறினால் வீட்டுக்கே போகலாம் என்றுவிட்டார்கள்.

"கிம்ச்சி ஊறுகா போடுற நேரத்துக்கு வீட்டுல இருப்பேன் பாரு," என்றார். "நான் இல்லாட்டி என் மருமக உப்பக் கொட்டிக் கடலாக்கிருவா. வாசல்ல நாற்காலிய போட்டு உக்காந்து அவள வேல வாங்கல, எம்பேரு ஜம்ரே இல்ல."

அந்த அறையில் ஆவி விடும் சின்ன மெஷின் ஒன்று உண்டு. தொண்டை காயாமல் இருப்பதற்காக. அதை நான் போக்சிம் அம்மா பக்கம் திருப்பி வைப்பேன். ஆவி கொஞ்ச தூரம் போய், வளைந்து, ஜம்ரே அம்மாவின் கட்டிலுக்கே வந்து நிற்கும். மறுபடி திருப்பினாலும் அப்படித்தான். கதவிடுக்கில் காற்று இழுக்கிறது என்று நர்ஸ் ஹாம் சொன்னாள். இருக்கலாம். எனக்குப் பைத்தியம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம், காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் மூச்சுக்குத் திண்டாடுகிறார். இன்னொரு பக்கம், மருமகளைத் திட்டுவதற்கென்றே ஒருவருக்கு மூச்சு சேர்ந்துகொண்டிருக்கிறது. இதைப் பார்க்க மந்திரக் கண் எதற்கு?

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை. தொடர் எப்படி முடிகிறது என்று பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். இளவரசன் பிழைத்து, சோவுல் கிணற்றடியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள் என்று நம்பினேன். அது நடந்திருந்தால் எனக்கும் மனசு ஆறியிருக்கும்.

திங்கட்கிழமை காலை ஜம்ரே அம்மாவுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஆயாம்மா, உன் ஆளு செத்துட்டா. எடுத்த மூச்சயெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு, தப்புப் பண்ணிட்டேன்னு அழுதுட்டு, கெணத்தடியிலயே பொடிப்பொடியா உதுந்துட்டாளாம். நான் அப்பவே சொன்னேன்ல? திருடி திருடிதான்."

"இளவரசன்?"

"அவன் எங்க பொழச்சான்? அவனும் போயிட்டான். விதி முடிஞ்சா போக வேண்டியதுதானம்மா. உன் போக்சிமும் அப்படித்தான், நீ சும்மா ஆவிமெஷின திருப்பித் திருப்பி வைக்கிற."

அதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். போக்சிம் அம்மாவைப் பார்த்து, "கோவிச்சுக்காத தங்கச்சி, நானும் பின்னாலயே வர்றவதான்," என்றும் சொன்னார். ஆனால் தொடரை எழுதியவர் கடைசி நேரத்தில் கையை உதறிவிட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அத்தனை வாரம் நியாயம் பேசிவிட்டு, நாலு பேர் திட்டுவார்களே என்று பயந்து முடிவை மாற்றியிருக்கிறார். பயந்தவர்கள் கதை எழுதவே கூடாது.

நான் கீழே கடைக்குப் போனேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் அரிசிப் பலகாரம் வாங்கி எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள். ஒரு தொடரை முழுதாகப் பார்த்து முடிப்பதும் அப்படித்தானே. இன்ஜொல்மி வாங்கினேன். ஒட்டரிசியை வேகவைத்து இடித்து, வறுத்த சோயா மாவில் புரட்டியது. அன்றைக்குத்தான் இடித்தது, நன்றாக மெத்தென்று இருந்தது. நர்ஸ் ஹாமுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாள். மதிய நேரத்தில் அந்த மாடி முழுக்க அவள் ஒருத்திதான்.

தொடர் ஆரம்பித்ததும் ஜம்ரே அம்மாவின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன், பாதியளவு. டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். போக்சிம் அம்மாவின் அழைப்பு மணி வயர் போர்வையில் சிக்கிக்கொள்கிறது என்று அதை மேல் கம்பியில் சுற்றி வைத்தேன். ஜம்ரே அம்மாவுடையதையும்.

அவருக்கு அந்த வாசனை எட்டிவிட்டது. எட்டும் என்று தெரியும்.

"அது என்ன, இன்ஜொல்மியா? ஒரே ஒரு துண்டு குடு ஆயாம்மா. நாக்குல வச்சுட்டுத் துப்பிடுறேன்."

"நாளைக்குச் சோதனை இருக்கேம்மா."

"அதுக்குத்தான் கேக்குறேன். முழுங்கிப் பாத்துட்டுப் போனா தைரியமா இருக்கும்ல. இந்தக் குழாய்ல திங்கிறதுக்கு நான் செடியாப் பொறந்திருக்கலாம். குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

தன் வாயால் கேட்டார். மூன்று முறை கேட்கும் வரை நான் காத்திருந்தேன். பிறகு தட்டை அவர் மடியில் வைத்தேன். ஊட்டவில்லை. தொடக்கூட இல்லை. அவர் தன் கையாலேயே எடுத்தார். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அந்த அறையில் நான் பார்த்ததில்லை. அந்த மகிழ்ச்சியைக் கொடுத்தவள் நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் திரையை மிச்சமும் இழுத்துவிட்டு, போக்சிம் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கட்டில் கம்பி ஆடும் சத்தம் கேட்டது. தட்டு கீழே விழுந்தது. நான் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோவுல் கிணற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அந்த நடிகை அழுவதில் கெட்டிக்காரி, அதை மறுக்க முடியாது. திரைக்குப் பின்னால் கால் உதைக்கும் சத்தம். அப்போதுதான் போக்சிம் அம்மா மூச்சை இழுக்கத் தொடங்கினார். நெஞ்சு எழும்பி எழும்பி, வாய் திறந்து, "ஆ... ஆ..." என்று. இத்தனை மாதத்தில் அவர் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. இடது கை மேல் கம்பியை எட்டி எட்டித் தவித்தது. நான் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "மெதுவா இழுங்கம்மா, எல்லாம் உங்களுக்குத்தான்," என்று சொன்னேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சோவுல் உதிர்ந்து முடிகிற நேரத்தில் திரைக்குப் பின்னாலும் அமைதியாகிவிட்டது. விளம்பரம் வரும் வரை இருந்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். கிழவி பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டாள் என்று எல்லோரும் அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசும்," என்று அழுதான். ஊரில் கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் எல்லாம் வெட்டி உப்பில் போட்டு வைத்திருந்தார்களாம்.

அந்த மாதம் தாண்டிவிட்டது ஐயா. போக்சிம் அம்மா இன்னும் இருக்கிறார். டாக்டரே ஆச்சரியப்படுகிறார். இதற்கு மேல் உங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

அவர்தான் உங்களிடம் சொன்னார் என்கிறீர்கள். வாய் பேசாதவர் என்ன சொல்லியிருக்க முடியும்? மகள் வந்தபோது அவர் தன் தொண்டையை இடது கையால் பிடித்துக் காட்டினாராம். பிறகு ஜம்ரே அம்மாவின் காலிக் கட்டிலைக் காட்டினாராம். பிறகு என்னைக் காட்டினாராம். நாள் முழுக்க இதையே திரும்பத் திரும்பச் செய்தாராம். நீங்கள் அதைத் தவறாகப் படித்துவிட்டீர்கள். அங்கிருந்து, இவள் கையால், எனக்கு மூச்சு வந்தது என்று சொல்லியிருக்கிறார். நன்றி சொல்ல அவருக்கு இருப்பது ஒரே ஒரு கைதானே.

கொடுத்தது நான்தான். விழுங்க முடியாது என்று தெரிந்தே கொடுத்தேன். வாக்குமூலத்தில் கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், என்னை ஒருமுறை அவரிடம் அழைத்துப் போங்கள். கடைசியாக நான் அறைக்குள் நுழைந்தபோது அவர் என்னைப் பார்த்ததும் இடது கையால் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டு, இமைக்காமல் பார்த்தார். கதை நல்ல இடத்துக்கு வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.