கற்பூரம் ஏறின டியூப்

இல்ல சார், மெசினத் தொறக்காதீங்க. அது நல்லாத்தான் கீது. ரிப்பேருன்னு போன் பண்ணது நான்தான், ஒத்துக்கறேன். வேற இன்னா சொன்னா சென்னைலருந்து இந்த திருப்பதி லேபு வரைக்கும் வருவீங்க? கோவப்படாதீங்க சார், உக்காருங்க. டீ சொல்லிக்கீறேன்.

இந்த டியூப்பப் பாருங்க. விரலு நீளம்தான். நகரி பக்கம் ஒரு சாயப் பட்டறை. டிரம்மு கழுவப் போன ஆளு ஒர்த்தன் அங்கயே சுருண்டு வுழுந்து செத்துட்டான். ஓனரு ஹார்ட் அட்டாக்குன்னுட்டாரு. அன்னிக்கி சாயந்திரமே போயி, பம்ப் வெச்சி அந்த ஷெட்டுக் காத்த இதுல இழுத்தேன். அதுல இன்னா கெமிக்கல் இருந்திச்சோ, அத உள்ள கீற பவுடர் புடிச்சி வெச்சிக்கினு கீது. சூடு பண்ணா வெளிய வரும், மெசினு பிரிச்சிக் காட்டும். உங்களுக்குத் தெரியாததா?

எத்தன டிகிரி வெக்கிறதுன்னுதான் சார் தெரியல. கம்மியா வெச்சா கனமான கெமிக்கல் உள்ளயே ஒட்டிக்கும், ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வரும். ஓனரும் அதத்தான சொல்றாரு? முந்நூறத் தாண்டினா பவுடரே கருகி, இல்லாதத இருக்கிற மாரி காட்டும். ஒரு வாட்டி சூடு பண்ணா டியூப் காலி. அப்பறம் தலகீழா நின்னாலும் வராது.

வேற காத்து புடிக்கிறதா? எங்க போயி சார்? மறுநாளே டிரம்முங்கள ஏத்திக்கினு பூட்டாங்க. ஷெட்டுக்கு வெள்ள அடிச்சி, பூசணிக்கா ஒடச்சி, தறிக்கு நூலும் போவுது.

இதுல கற்பூரம் வேற ஏறிடுச்சி. சிரிக்காதீங்க சார். மூடியக் கழட்டி, எதிர்ல கற்பூரம் ஏத்தி வெச்சிட்டாங்க. மொதல்ல கம்மி சூட்டுல அத மட்டும் வெரட்டலாம்னு பாத்தா, அதுகூட நான் தேடறதும் ஓடிடுமோன்னு பயமா கீது. காலைலருந்து நம்பர அடிக்கறேன், அழிக்கறேன். ஸ்டார்ட்ட அமுக்க கை வரமாட்டேங்குது.

யாரு வெச்சாங்களா? எங்கம்மாதான். பட்டறையிலருந்து நேரா வூட்டுக்குப் போனேன், டியூப்ப அலமாரில வெச்சேன். அதுக்கப்பறம் லேபுக்கு வர ஒரு வாரம் ஆயிடுச்சி. இன்னாடா இதுன்னு கேட்டாங்க. அவன் கடைசியா இழுத்த காத்தும்மா, இதுலதான் கீதுன்னேன். வேற எப்டி சார் வெளக்கறது அவங்களுக்கு?

சாமி படத்துக்கு முன்னாடியா? இல்ல சார், என் தம்பி படத்துக்கு. சஞ்சய்னு பேரு. டிரம்மு கழுவப் போனவன்.

மூடி இறுக்கமா இருந்தா அவனுக்கு மூச்சு முட்டும்னு கழட்டிட்டாங்களாம். இன்னிக்கிக் கெளம்பறப்ப டியூப்ப முந்தானைல தொடச்சிக் குடுத்துட்டு, ரொம்ப சூடு வெக்காதடா, அவன் தாங்க மாட்டான்னாங்க.

நீங்களே சொல்லுங்க சார். எத்தன வெக்கட்டும்?