தேய்ந்த மேடுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பருத்தித்துறைச் சந்தையில் மீன் வெட்டுபவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"என்ரை விரலிலை ரேகை இல்லையாம்," என்றார் மூத்தவர்.

"ஆர் அக்கா சொன்னது?"

"விசாவுக்குக் கைரேகை எடுக்கிற கந்தோரிலை. மிஷினிலை நாலு தரம் வைச்சும் பிடிக்கேல்லை. 'தேய்ந்த மேடுகள்' எண்டு எழுதினவை. நான் ஏதோ றோட்டைச் சொல்லீனம் எண்டு நினைச்சன்."

"விரலிலை என்ன மேடு?"

"ரேகையைத்தான் அப்பிடிச் சொல்லுறதாம். மேடும் பள்ளமுமாய் இருக்கவேணுமாம். என்ரை வழுவழுப்பாம்."

"அப்ப கனடாவுக்கு, மகளின்ரை பிள்ளைப்பேறுக்குப் போகேலாதே?"

"ஒரு மாதம் மீன் வெட்டாமல் இருந்தால் திரும்ப வளருமாம். பிறகு வரட்டாம். ஒரு மாதம் போகாட்டி என்ரை இடத்தை வேறை ஆரும் பிடிச்சிடுவினம்."

பஸ் நெல்லியடியில் நின்று புறப்பட்டது.

"உங்கடை இடத்திலையும் நான் இருந்து வெட்டுறன் அக்கா," என்றார் இளையவர்.

"உனக்குக் கிடக்கிற ரேகையும் தேஞ்சிடுமடி."

"தேயட்டும். நான் எங்கை போகப்போறன்?"