கள்ளிக்குச் சுட்ட செங்கல்

கோபாலபுரத்தில் பொள்ளாச்சி போகிற வாடகை வண்டிக்குக் காத்திருந்தோம். நான் அப்போது புதுப்பெண், தலை நிமிரமாட்டேன், காது மட்டும் கேட்கும். பக்கத்தில் ஒரு புருஷன் பெண்சாதி. மலைக்குளிர் தாங்காமல் தாய்வீடு வந்துவிட்டவளை அவன் கூப்பிட வந்திருந்தான். அவள் இன்னும் சரி சொல்லவில்லை, வழியனுப்பத்தான் வந்திருந்தாள். அவன் மடியில் ஒரு மண்சட்டி, அதில் பொடிசு பொடிசாகக் கள்ளிக் கன்றுகள்.

“வேலியெல்லாம் கள்ளியாக் கெடக்கற ஊருக்குக் கள்ளி கொண்டாந்த மாப்பிள்ளைன்னு எங்கய்யன் சிரிக்கறாருங்க.”

“சிரிக்கட்டும். இது மலை மேல நம்மூட்டுல மொளச்சது.”

“அந்தக் குளுர்லயா?”

“செங்கல்லச் சுட்டு, சாக்குல சுத்தி, சட்டிக்கு அடியில வெச்சேன். ஆறுனா மாத்துவேன். இருவது நாளாச்சு.”

“ஏனுங்க, கள்ளிக்கு ஆராச்சும் கணப்புப் போடுவாங்களா?”

“வெயிலூருச் செடி அங்க பொழைக்குமான்னு பாத்தேன் புள்ள.”

அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்து நின்றது.

“எத்தன செங்கல் வெச்சிருக்கீங்க?”

“நாலு. ரெண்டு உன்ற காலுக்கு.”

“சட்டிய இப்படிக் குடுங்க. காத்துப் படுது.”

வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டு, அவனுக்கு முன்னால் வண்டியில் ஏறினாள்.