டீச்சருக்கு ஜுரம்

சுண்டு: ...சரி, மூணாம் மாடியில யாரு இறங்கறா?

அப்பா: அத நான் கேக்கணும். நீ சொல்லணும்.

சுண்டு: அப்ப கேளு.

அப்பா: மூணாம் மாடியில யாரு?

சுண்டு: ஆல், ஆன், ஒடு, ஓடு. குடும்பத்தோட வந்திருக்காங்க.

அப்பா: நாலு?

சுண்டு: கு. தனி ஆளு. பாவம்.

அப்பா: அஞ்சு?

சுண்டு: ...இன். இல்.

அப்பா: ஏன் யோசிச்ச?

சுண்டு: யோசிக்கல. லிப்டு மெதுவா போச்சு.

அப்பா: நான் பாத்துக்கற லிப்டு எதுவும் மெதுவா போகாது. ஆறு?

சுண்டு: அது, ஆது, அ. ஏழு, கண். எட்டுல பட்டனே இல்ல. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் கதவு திறக்கும்.

அப்பா: அதுக்குப் பேரு?

சுண்டு: விளி வேற்றுமை. ஏம்ப்பா, எல்லா பிள்ளைங்களும் வேற்றுமை உருபுன்னு படிக்குது. நான் மட்டும் லிப்டுல ஏறி இறங்கறேன்.

அப்பா: லிப்டு ரிப்பேர் பண்றவன்கிட்ட படிச்சா அப்படித்தான். டாக்டர்கிட்ட படிச்சிருந்தா ஊசி போட்டு சொல்லிக் குடுப்பாரு.

சுண்டு: டீச்சர் மூணாம் வேற்றுமை சொல்லுன்னதும் நான் தெரியாம லிப்டு கதவு மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுட்டேன். கிளாஸே சிரிச்சுது.

அப்பா: எந்த டீச்சர்?

சுண்டு: எங்க தமிழ் டீச்சர்தான்.

அப்பா: அவங்கதான் போன திங்கக்கிழமைலேருந்து ஜுரத்துல படுத்திருக்காங்களே?

சுண்டு: ...அது ஜுரம் வர்றதுக்கு முன்னாடி.

அப்பா: ஓ.

சுண்டு: முன்னாடிதான். நல்லா ஞாபகம் இருக்கு.

அப்பா: இப்ப எப்படி இருக்காங்களாம்?

சுண்டு: இன்னும் இருமறாங்களாம்.

அப்பா: ஜுரம்னு சொன்ன?

சுண்டு: ஜுரம் இறங்கி இருமலாயிடுச்சு.

அப்பா: பாவம். மாத்திரை சாப்பிடறாங்களா?

சுண்டு: நிறைய.

அப்பா: அரை மாத்திரையா, ஒரு மாத்திரையா?

சுண்டு: அப்பா... இது ஜோக்கா, கேள்வியா?

அப்பா: ரெண்டும். மெய்யெழுத்துக்கு எவ்வளவு?

சுண்டு: அரை. குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு. டீச்சருக்கு மூணு வேளை.

அப்பா: சரி, எச்சத்துக்கு வா. பெயரெச்சம்னா என்ன?

சுண்டு: எச்சம்னா காக்கா போடறது.

அப்பா: சுண்டு.

சுண்டு: நீதான சொன்ன, எச்சம்னா மிச்சம்னு. காக்காவுக்கும் அது மிச்சம்தான.

அப்பா: நின்ற லிப்டு.

சுண்டு: பெயரெச்சம்.

அப்பா: நின்று போனது.

சுண்டு: வினையெச்சம். அப்புறம் உனக்கு போன் வரும்.

அப்பா: இப்ப வாக்கியம். ஸ்பேனரால் நட்டைக் கழற்றினான். நட்டை, ரெண்டாம் மாடி. ஸ்பேனரால்... நாலாம் மாடி.

சுண்டு: மூணு.

அப்பா: ஹ்ம்?

சுண்டு: ஆல் மூணாம் மாடிப்பா. இப்பதான சொன்னேன், குடும்பத்தோட... இல்ல, நாலாக்கூட இருக்கும். எனக்கு எங்க தெரியுது. நீயே சொல்லு.

அப்பா: மூணுதான்.

சுண்டு: சும்மா அடிச்சு விட்டேன், சரியா வந்துடுச்சு.

அப்பா: ரெண்டு மாசம் முன்னாடி இருபத்தஞ்சுக்கு ஆறு வாங்கின பொண்ணு. குருட்டாம்போக்குல நல்லா அடிக்கற.

சுண்டு: ஆறு இல்ல. ஆறரை... பெல் அடிக்குது. நான் திறக்கறேன்.

சித்தி: அப்பாடா. ஏன்டி, ஒரு கதவ திறக்க இவ்வளவு நேரமா? மூணு மாடி மூச்சு வாங்க ஏறி வரேன். ஊருக்கெல்லாம் லிப்டு ரிப்பேர் பண்ற மனுஷன், குடியிருக்கற வீட்டுக்கு லிப்டு இல்ல.

அப்பா: இருந்தா வீட்டுலயும் வேலை பாக்கணும். உக்காரும்மா.

சித்தி: உக்காரல்லாம் நேரம் இல்ல அத்தான். எனக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு. இவ துணியெல்லாம் எடுத்து இந்தப் பையில வெச்சுட்டுப் போறேன். அலமாரியில பாதிய இவளுக்குன்னு காலி பண்ணிட்டேன். என் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் இப்ப நாற்காலியிலதான் குடியிருக்கு.

சுண்டு: இப்ப என்ன சித்தி அவசரம்? இன்னும் டெஸ்டே வெக்கல.

சித்தி: என்னிக்கு வெச்சாலும் வெக்கத்தான போறாங்க. நீ தேறின மறுநாளே அப்பாவுக்கு மாலை ஷிப்டு. மத்தியானம் ரெண்டுக்குப் போனா வர பத்தாகும். அதுவரைக்கும் தனியா உக்காந்து சுவத்தோட பேசுவியா? ஸ்கூல் விட்டதும் நேரா என் வீடு. சனி, ஞாயிறு மட்டும் இங்க. அப்படித்தான அத்தான் பேசினோம்?

அப்பா: அப்படித்தான் பேசினோம்.

சித்தி: இலக்கணத்துல அவ தேறட்டும், அப்புறம் ஷிப்டுக்கு வரேன்னு நீங்கதான ஆபீஸ்ல சொன்னீங்க?

அப்பா: நான்தான் சொன்னேன். டீ போடறேன்.

சித்தி: எனக்கு சக்கரை வேண்டாம்... கேட்டுதா? கேக்கல. எப்படியும் போடத்தான் போறாரு. ஏய், இங்க வா. ஏன் மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க?

சுண்டு: மூஞ்சியே அப்படித்தான்.

சித்தி: என் வீடு பிடிக்கலயா?

சுண்டு: பிடிக்கும். உன் வீட்டு டிவி பெரிசு.

சித்தி: அப்புறம் என்ன?

சுண்டு: ஒண்ணும் இல்ல.

சித்தி: என்கிட்ட சொல்ல மாட்டியா?

சுண்டு: ...அப்பா இப்ப பேசறாரு சித்தி.

சித்தி: எப்பவும் பேசறவர்தான.

சுண்டு: உன்கிட்ட. அம்மா போனதுக்கு அப்புறம் என்கிட்ட எங்க பேசினாரு? வேலை முடிஞ்சு வருவாரு, செருப்பக் கழட்டுவாரு, அந்த நாற்காலியில உக்காந்து பேன் சுத்தறதப் பாத்துட்டே இருப்பாரு. அப்பான்னு மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவாரு. திரும்பி, சாப்பிட்டியான்னு கேப்பாரு. சாப்பிட்டேன்னு சொன்னா முடிஞ்சுது, அன்னிக்குப் பேச்சு அவ்வளவுதான்.

சித்தி: எவ்வளவு நாளா?

சுண்டு: எட்டு மாசம் அப்படி. அப்புறம் நான் ஆறரை மார்க்கு வாங்கினேன். டீச்சர் அப்பாவக் கூப்பிட்டு, வீட்டுல சொல்லிக் குடுங்கன்னாங்க. அன்னிலேருந்து சரியா ஆறு மணிக்கு வந்து, புத்தகத்த எடுன்னு உக்காந்துடறாரு. ஒரு மணி நேரம். தப்பா சொன்னா திட்டுவாரு தெரியுமா?

சித்தி: திட்டறதா பெருமை?

சுண்டு: பேன பாக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல.

சித்தி: சரி சரி, கண்ணத் துடை. வந்துடப் போறாரு. நான் துணிய எடுக்கறேன்.

சுண்டு: மேல் தட்டு வேண்டாம் சித்தி.

சித்தி: ஏன்?

சுண்டு: அங்க ஒண்ணும் இல்ல. பழைய சட்டை. கரப்பான் பூச்சி.

சித்தி: கரப்பான் பூச்சிக்கு நான் பயப்படுவேனா? எல்லாம் புதுசாத்தான இருக்கு... இது என்னடி பேப்பரு?

சுண்டு: குடு சித்தி.

சித்தி: இரு. இலக்கணத் தேர்வு... இருபத்தஞ்சுக்கு இருபத்திமூணு. யாரோடது? உன் பேரு போட்டிருக்கு. தேதி... போன திங்கக்கிழமை.

சுண்டு: சித்தி, குடேன். ப்ளீஸ்.

சித்தி: அத்தான், இங்க வாங்க. உங்க பொண்ணு பண்ணிருக்கற வேலையப் பாருங்க. ஊர்ல பிள்ளைங்க மார்க்கு குறைஞ்சா ஒளிச்சு வெக்கும், இவ...

அப்பா: டீ சூடா இருக்கு, பாத்து.

சித்தி: டீய விடுங்க. கீழ கையெழுத்து வேற இருக்கு. நீங்க போட்டீங்களா? இல்லயே. இது... இது...

அப்பா: என்ன?

சித்தி: அக்கா கையெழுத்து.

அப்பா: ...குடு.

சித்தி: அதே சுழி. கீழ ரெண்டு புள்ளி. ஏய், என்னடி இது?

சுண்டு: பெற்றோர் கையெழுத்து வேணும்னாங்க. அப்பாகிட்ட காட்டினா நான் தேறினது தெரிஞ்சிடும். அதான்...

சித்தி: அதுக்கு அப்பா கையெழுத்த இல்ல போட்டிருக்கணும்?

சுண்டு: அப்பாவோடது வராது சித்தி. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி போடறாரு. எதப் பாத்துப் போடறது?

அப்பா: பேங்க்லயும் அதான் சொல்றாங்க.

சுண்டு: முதல் வகுப்புலேருந்து அம்மாதான போட்டாங்க. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். போட்டு முடிச்சப்புறம்தான் நெனச்சேன்... அம்மா போட முடியாதேன்னு.

சித்தி: டீச்சர் பாக்கலயா?

சுண்டு: பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் தலையத் தடவி, போய் உக்காருன்னாங்க. அவ்வளவுதான்.

அப்பா: ஜுரத்தோடயா?

சுண்டு: ...டீச்சருக்கு ஜுரமே இல்லப்பா.

அப்பா: தெரியும்.

சுண்டு: என்ன தெரியும்?

அப்பா: வியாழக்கிழமை எனக்கு போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரி லிப்டு மேல நின்னு கம்பிக்கு கிரீஸ் தடவிட்டு இருந்தேன். குரல் கணீர்னு இருந்துது. ஒரு இருமல்கூட இல்ல.

சித்தி: என்ன சொன்னாங்க?

அப்பா: இருபத்தி நாலு வருஷ சர்வீஸாம். கம்மி மார்க்குக்குத் திருட்டுக் கையெழுத்து எவ்வளவோ பாத்திருக்காங்களாம். இருபத்திமூணுக்கு இப்பதான் பாக்கறாங்களாம்.

சுண்டு: திட்டினாங்களா?

அப்பா: இல்ல. கையெழுத்து யாரோடதுன்னு பாத்ததும் திட்ட வாய் வரலன்னாங்க. வீட்டுல நீங்களும் திட்டாதீங்கன்னாங்க.

சித்தி: இருங்க இருங்க. வியாழன், வெள்ளி, சனி, இன்னிக்கு. நாலு நாளா அப்பனும் மகளும் ஒருத்தர் காதுல ஒருத்தர் பூ சுத்திட்டு உக்காந்திருக்கீங்க. நடுவுல நான் ஒரு இளிச்சவாய், துணி அடுக்க வந்திருக்கேன்.

சுண்டு: தெரிஞ்சுக்கிட்டேதான் மாத்திரையெல்லாம் கேட்டியா?

அப்பா: இன்னும் எவ்வளவு தூரம் போறன்னு பாத்தேன். இருமல் வரைக்கும் போன.

சுண்டு: அந்த ஸ்பேனர்? நாலாம் மாடி? அதுவும் என்ன மாட்டி விடத்தானா?

அப்பா: அது நிஜமாவே தப்பு.

சித்தி: எனக்கும் ஒரு கூட்டத்துல சேர ஆசையா இருக்கு. டீயில சக்கரை வேற போட்டிருக்கீங்க.

சுண்டு: அப்பா.

அப்பா: ம்.

சுண்டு: நான் தேறிட்டேன்ல... அப்ப நாளையிலேருந்து மாலை ஷிப்டா?

அப்பா: டீ ஆறுது, குடிம்மா.

சுண்டு: அப்பா.

சித்தி: பதில் சொல்லுங்க அத்தான். புள்ள கேக்குது பாருங்க. பைய மூடவா, பிரிக்கவா?

அப்பா: பிரிச்சுடும்மா. ஷிப்டு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.

சித்தி: எப்ப?

அப்பா: வியாழக்கிழமை. லிப்டு மேலேருந்து இறங்கினதும் நேரா ஆபீஸ் ரூமுக்குத்தான் போனேன்.

சித்தி: நல்லா இருக்கு. அவர் சட்டையெல்லாம் நாற்காலியில கிடக்குது, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல உங்களுக்கு.

சுண்டு: நீ சும்மா இரு சித்தி. அப்பா, வியாழக்கிழமையே எழுதிக் குடுத்துட்டியா? அப்புறம் ஏன்பா என்கிட்ட சொல்லல? எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு உனக்குத் தெரியுமே. தெரிஞ்ச பாடத்தையே நாலு நாளா ஏன் நடத்தின?

அப்பா: சொன்னா நீ புத்தகத்த மூடிடுவ. மூடிட்டா, ஆறு மணிக்கு வந்து உன்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல... டீச்சருக்கு இன்னும் ஒரு வாரம் ஜுரம் இருக்கட்டும், சுண்டு.