அறுநூற்றுப் பன்னிரண்டு நல்ல கதவுகள்

கதவு என்றால் இறுக்கமாக மூட வேண்டும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இடுக்கு வழியே குளிர்காற்று வந்தால் மனிதன் எப்படி நிம்மதியாகத் தூங்குவான்? ஆகவே அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் புதுக் கதவு போட்டுக் கொடுத்தவன் நான்தான், மேனேஜர் அம்மா. மறைக்க ஒன்றுமில்லை.

நம் கம்பெனியின் பனிக்காட்டுக் கணினி விளையாட்டில் வேதியியல் என் பொறுப்பு. இந்த வேலையை வாங்கித் தந்தவன் என் மச்சினன். ஆட்டம் எப்படிப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவனும் அவனே. சோப்பு இறுக நான்கு வாரம், தோல் பதமாக இரண்டு மாதம் என்று எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, இம்மி பிசகாமல் எழுதினேன். அவன் எல்லாவற்றையும் மூன்று வினாடியாக்கினான்.

"அத்தான், ஜனங்க விளையாட வர்றாங்க. பரீட்சை எழுத இல்ல."

"சாம்பலும் கொழுப்பும் ஒண்ணையொண்ணு பாத்ததுமே சோப்பாயிடுமாடா?"

"ஆயிடும். வாசனையோட ஆயிடும். நீங்க போய் டீ சாப்பிடுங்க."

போய்ச் சாப்பிட்டேன். திரும்பி வந்தால், மொத்த வேதியியலையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு பொத்தான் வைக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை முடிவு. வேதியியல் என்றால் என்னவென்று ஒரே ஒருமுறை காட்டிவிட்டால் மனம் மாறுவார்கள் என்று நினைத்தேன்.

ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கிற அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டு ஊரில் விளையாடுகிறவர்கள் குளிருகிறது என்று புகார் எழுதியிருந்தார்கள். கதவுகளை அனுப்பினேன். ஒருவர் இதயப் படம் போட்டு நன்றி சொன்னார். அடுத்து வீட்டுக்கு ஒரு மூட்டை கரி, இலவசம். பனிப்புயலை இரண்டு நாள் முன்னால் நகர்த்தினேன். கடைசியாக, மூடிய அறையில் கரி எரிந்தால் நிஜத்தில் என்ன வாயு சேருமோ, அதைச் சேர்த்தேன். நிரலில் ஒரே வரி. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே இருமல், எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. வைத்திருந்தால் பொய்யாகியிருக்கும்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஊர் அடங்கியது. மச்சினன் பார்த்துப் பார்த்துக் கட்டிய தெருவும் அதில் சேர்த்தி.

"அத்தான், எல்லாரும் அசந்து தூங்குறாங்க போல."

"நல்ல கதவுடா," என்றேன்.

ரொட்டி சுடுகிற ஒருத்தி மட்டும் பதினொரு கோழிகளோடு பிழைத்தது எப்படி என்று கேட்கிறீர்கள். ஆட்டத்தில் அவள் என் மனைவியின் பாத்திரம். மனைவி வேலைவிட்டு வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து முதலில் அந்தக் கோழிகளுக்குத்தான் தீனி போடுவாள்; எனக்குச் சாப்பாடு அதற்கப்புறம். அங்கேயும் அதே கதவு, அதே கரி. அந்தக் குடிசையில் மட்டும் கரி எரிந்தால் சுத்தமான காற்று வரும்படி இன்னொரு வரி எழுதினேன்.

வேதியியல் நிற்குமா போகுமா என்பது இனி உங்கள் கையில். ஒன்றை மட்டும் அறிக்கையில் விட்டுவிடாதீர்கள்: உண்மை என்று வந்துவிட்டால் நான் யாருக்கும் சலுகை காட்டுகிறவன் இல்லை.